வெள்ளைக்காரி நெற்றியில் பொட்டு

ஒரு சவர பிளேடு, ஒரு மூடி பெயின்ட் தின்னர், கிழிந்த பனியன் துணி ஒன்று. வேலை முடிய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நானும் கூடவே முனகிக்கொண்டிருந்தேன். அடப்பாவி, பாட்டு வேறு பாடிக்கொண்டு செய்திருக்கிறேன்.

நான் கண்ணாடியில் படம் போடுகிறவன். ராயபுரத்தில் சர்ச்சுக்குப் போகிற தெருவில் பத்துக்குப் பத்து பட்டறை. கடைப் பெயர்ப் பலகை, விசைப்படகுக்குள் மாட்டுகிற மாதா படம், கல்யாணப் பரிசுக்கு மயில் ஜோடி, எல்லாம் கண்ணாடியில்தான். இந்த வேலையில் எல்லாமே தலைகீழ். கண்ணாடியின் முதுகில் நாம் போடுகிறோம், ஜனங்கள் முன்பக்கமிருந்து பார்க்கிறார்கள். அதனால் கடைசியில் வைக்க வேண்டியதை முதலில் வைக்க வேண்டும். முகம் என்றால் முதலில் கருவிழி, அப்புறம் வெள்ளை விழி, அதற்கும் அப்புறம்தான் தோல் நிறம். சட்டையைத் தைத்து வைத்துவிட்டு அதற்குள் உடம்பைச் செய்கிற மாதிரி. தோலை முதலில் பூசிவிட்டாயா, தீர்ந்தது கதை. அதன் மேல் எவ்வளவு அழகாகக் கண் எழுதினாலும் முன்பக்கம் ஒன்றும் தெரியாது. இது எனக்குப் பிடிபட முழுசாக ஒரு வருஷம் ஆனது.

எனக்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. ஒன்று, வாய். யாராவது என் வேலையைப் பற்றி எனக்கே சொல்லித்தர வந்தால் பொறுக்காது, மூஞ்சியில் அடித்த மாதிரி பேசிவிடுவேன். இன்னொன்று, அடுத்தவன் செய்த அரைகுறை வேலையின் மேல் என் பிரஷ் படாது. பழைய பலகை ரிப்பேருக்கு வந்தால், முன்னால் எவனோ ஒட்டுப்போட்டிருந்தால், அதை முதலில் சுரண்டி எறிந்துவிட்டுத்தான் மற்ற வேலை. இதை நான் குணக்கேடு என்று அப்போது நினைக்கவில்லை. தொழில் சுத்தம் என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

ரெண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஒரு காலை, மீன்பாடி வண்டி ஒன்று என் பட்டறை வாசலில் வந்து நின்றது. அந்த மூன்று சக்கர வண்டியின் பலகையில் ஓர் அம்மாள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய பெரிய சதுரம். குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். வண்டியை மிதித்து வந்தவர் அவருடைய தம்பி. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்து உயிரை வாங்கியதால் தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய்விட்டார். அக்கா மட்டும் உள்ளே வந்தார்.

அவரை எனக்கு முகப்பழக்கம் உண்டு. துறைமுகத்துக் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் மூலையில் ஒரு பின்பால் மெஷின் நிற்கும். இடுப்புயரத்துக்கு ஒரு சாய்வு மேஜை, அதற்குள் இரும்புக் குண்டு ஓடும், பக்கத்துப் பொத்தானை அழுத்திக் குண்டைத் தட்டிவிட வேண்டும். தலைமாட்டில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டியின் முகத்தில் படம் போட்ட கண்ணாடி, உள்ளே பல்புகள். வெளிநாட்டு மாலுமிகள் தங்குகிற கிளப் ஒன்றில் அவருடைய வீட்டுக்காரர் வேலை பார்த்தாராம். கிளப்பை மூடியபோது வேண்டாத சாமான் என்று ஒதுக்கியதை அவரே வாங்கிவந்து கடையில் நிறுத்தினார். இப்போது அவரும் இல்லை. உப்புக்காற்றில் ஸ்பிரிங் எல்லாம் துருப்பிடித்துக் குண்டு ஓடுவது நின்று வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் பல்பு எரியும். லோடு ஏற்றுகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார்கள்.

பெட்ஷீட்டைப் பிரித்தார். கடலுக்கடியில் ஒரு வெள்ளைக்காரி நீந்துகிறாள். மஞ்சள் கூந்தல் தண்ணீரில் பரந்து கிடக்கிறது. ஒரு பக்கம் ஆக்டோபஸ், ஒரு பக்கம் மூழ்கிய கப்பல், கீழே திறந்து கிடக்கிற நகைப் பெட்டி. அருமையான வேலை. எந்த நாட்டுக்காரன் போட்டானோ, கைக்கு முத்தம் கொடுக்கலாம். ஆனால் பல்புச் சூடும் நம் ஊர்க் காற்றும் சேர்ந்து பெயின்ட்டைத் தின்றிருந்தன. ஆக்டோபஸின் கால்கள் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து தொங்கின. கப்பலில் பாதியைக் காணோம். ஆனாலும் பெண்ணின் முகத்தில் மட்டும் ஒன்றும் உரியவில்லை.

"பேத்து பேத்துகினு வுழுது நைனா. தெனம் காலீல பெருக்கினா கலர் கலரா வருது. வுழாம பண்ணித்தரணும்" என்றார்.

"பண்ணிடலாம் அக்கா."

"இன்னொரு விசயம் நைனா, அந்தப் பொண்ணு மூஞ்சிகீதே..."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ தெரியாது. முந்தைய வாடிக்கைக்காரர் ஒருவர் அரை மணி நேரம் நின்று மயிலுக்கு எத்தனை இறகு என்று எனக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சூடு இந்த அம்மாள் மேல் இறங்கியது.

"யக்கா, டாக்டராண்ட போனா ஊசிய எங்க குத்தணும்னு நீயா சொல்லுவ? எந்த மூஞ்சி எப்டி கீணும்னு எனக்குத் தெரியும். இருவது வருசமா இத்ததான் பண்ணிகினு கீறேன். குடுத்துட்டுப் போ, பத்து நாள் கழிச்சு வா."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். பெட்ஷீட்டை நாலாக மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரி நைனா, பாத்து பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் போதும்.

கண்ணாடியை மேஜையில் குப்புறப் போட்டேன். அப்போதுதான் முகத்தின் முதுகுப்பக்கம் கண்ணில் பட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மற்ற இடமெல்லாம் மெல்லிசான, வெளிச்சம் ஊடுருவுகிற பெயின்ட். முகத்தில் மட்டும் யாரோ படகுக்கு அடிக்கிற எனாமலைத் தடிமனாக அப்பி வைத்திருந்தார்கள். பிரஷ்கூட இல்லை, விரலால் தொட்டுத் தொட்டு ஒற்றியிருக்கிறார்கள். கன்னத்தில் கடைசியாக ஒற்றிய கட்டை விரலின் ரேகை, வட்டம் வட்டமாக, அப்படியே காய்ந்து நின்றது. திருப்பி, முன்பக்கம் அந்த முகத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். உதட்டுக்கு நகப்பாலிஷ்! அடக் கடவுளே. கண் இரண்டும் இரண்டு பக்கம் பார்த்தன. போதாததற்கு நெற்றியில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு. வெள்ளைக்காரிக்குப் பொட்டு! அந்த நாளில் நான் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை சைக்கிள்காரர் எட்டிப் பார்த்தார். அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "எந்தக் கஸ்மாலம் பண்ண வேலடா இது, பல்பு போட்டா மூஞ்சி மட்டும் இருட்டா கீணும்னு வேண்டிகினு பண்ணிருக்கான்" என்று சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அப்புறம் பிளேடை எடுத்தேன். எனாமல் தடிமனாக இருந்ததால் நன்றாகவே வந்தது. நெற்றி ஒரு சுருள், மூக்கு ஒரு சுருள். ரேகை இருந்த கன்னம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது, தின்னர் தொட்டு ஊறவைத்துச் சுரண்டினேன். பொட்டு கடைசியில் வந்தது. பனியன் துணியால் ஒரு துடை. கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. சுருள்களைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

பிறகு ஒரு வாரம் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தேன், அதைப் பொய் சொல்ல மாட்டேன். உரிந்து தொங்கிய ஒவ்வொரு சருகுக்கும் அடியில் பிரஷ் நுனியால் ஒரு சொட்டு வார்னிஷ் விட்டு, பட்டர் பேப்பர் வைத்து விரலால் அழுத்திப் படியவைத்தேன். ஆக்டோபஸுக்குக் கால் வந்தது. கப்பலுக்குப் பாதி உடம்பு வந்தது. முகத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். நீலக் கண், லேசாகத் திறந்த உதடு, கன்னத்தில் தண்ணீர் வெளிச்சம். பின்னால் பல்பைப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பெண் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் நான் போட்ட முகங்களில் அதற்குத்தான் முதல் இடம். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சோக்கா கீதுயா" என்றாள். அவள் சுலபத்தில் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

ஒன்பதாம் நாள் அந்த அம்மாளின் தம்பி, மீன்பாடி வண்டிக்காரர், வந்தார். அக்கா கேட்டுவிட்டு வரச் சொன்னாராம். நானும் பெருமையாகத் துணியை விலக்கிக் காட்டினேன். பாராட்டப் போகிறார் என்று அவர் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பார்த்தார். பக்கத்திலிருந்த பெயின்ட் டப்பா மேல் கையை ஊன்றிக்கொண்டார், டப்பா சாய்ந்து உருண்டது. அதை அவர் பார்க்கவேயில்லை.

"மூஞ்சி எங்கய்யா?" என்றார்.

"அதான் கீதே மாமு. கண்ணு தெரியலயா?"

"இது இல்லய்யா. அது. அது எங்க? பொட்டு வச்ச மூஞ்சி?"

"அத்த சுரண்டிப் போட்டாச்சு. எவனோ கலீஜா பண்ணி வச்சிருந்தான்..."

"அது எங்கக்கா பொண்ணுய்யா! செத்துப்போன பொண்ணுய்யா! அவ வெரலால போட்டதுய்யா!"

எனக்கு முதலில் புரியவில்லை. காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். வளர்ந்த ஆள், மூட்டை தூக்கிய உடம்பு, என் பட்டறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவில் துண்டு துண்டாகச் சொன்னார். பல்புச் சூட்டில் வெள்ளைக்காரி முகம் மொத்தமும் உரிந்து விழுந்துவிட்டது. கடையில் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்த ஒரே மகள், மாமனான இவர் படகுக்கு அடித்து மிச்சம் வைத்திருந்த பெயின்ட்டை வாங்கிக்கொண்டு போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு, தானே புதுசாக முகம் போட்டாள். கண் இரண்டும் கோணலாகப் போனதற்கு எல்லாரும் கிண்டல் பண்ணினார்கள். அதற்கு அவள், "ஒரு கண்ணு பாய்லர பாக்கும், ஒரு கண்ணு துட்டு குடுக்காம நழுவுறவன பாக்கும்" என்றாளாம். அடுத்த வருஷம் எண்ணூர் நெடுஞ்சாலையில் சைக்கிளில் போனவள் மேல் கன்டெய்னர் லாரி ஏறியது. வயது இருபத்திரண்டு. முகம் பார்க்கவே கொடுக்கவில்லை, துணி சுற்றித்தான் கொடுத்தார்கள்.

"சுத்தி கீற பெயின்ட்டு வுழுந்துகினே வருது, அது மூஞ்சியும் வுழுந்துடும்னு பயந்துகினுதான்யா எங்கக்கா உன்னாண்ட குடுத்துச்சு" என்றார். "மூஞ்சிய தொடாதன்னு சொல்றதுக்குத்தான் உள்ள வந்துச்சு. சொல்லலியா உன்னாண்ட?"

சொல்ல வந்தார். சொல்லத்தான் வந்தார். நான்தான் டாக்டர் ஊசி என்று வசனம் பேசி அனுப்பினேன்.

குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். காலி. "அந்தப் பேப்பர் எங்கடீ" என்று வீட்டுக்குள் ஓடினேன். எந்தப் பேப்பர் என்று அவள் கேட்டாள், கூடையைக் கொட்டி ஒரு வாரமாகிறது என்றாள். தெருமுனைத் தொட்டிக்கு ஓடினேன். ஓடுவதில் என்ன பிரயோஜனம், லாரி எத்தனை தடவை வந்து அள்ளிப் போயிருக்கும். இருந்தும் தொட்டிக்குள் கையை விட்டுக் கிளறினேன். மீன் செதிலும் வாழைப்பழத் தோலும் வந்தன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கிளறினேன்.

திரும்பி வந்தபோது தம்பிக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "எங்கக்காவாண்ட இன்னா சொல்றது? அது காலைல கடை தொறந்ததும் மொதல்ல அத்ததான் பாக்கும். தாங்காதுய்யா அது" என்றார். அப்போதுதான் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

"அதே மாதிரி போட்டுடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை, மிச்சமிருந்த படகுப் பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அதே டப்பா.

என் வீட்டுக்காரி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் உள்ளே வந்தாள்.

"செத்தவ கைவேலய நீ போடப் போறியா?" என்றாள். "வேணாம்யா. அந்தம்மா கால்ல போய் வுழு. தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லு. அடிச்சா அடி வாங்கிக்கோ."

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா கெட."

மறுபடியும் அதே வாய். பத்து நாளைக்குள் இரண்டாவது பொம்பளையை வாயடைத்தேன். புத்தியில் உறைக்கவேயில்லை.

கண்ணாடியில் நான் போட்டிருந்த நல்ல முகத்தைத் துடைத்தெடுத்தேன். அது எனக்கு வலித்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்புறம் கல்மண்டபம் பக்கம் ஃபேன்சி ஸ்டோரில் நகப்பாலிஷ் தேடினேன். ஏழெட்டுச் சிவப்பை என் நகத்திலேயே தீட்டிப் பார்த்தேன், கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிடைத்த சிவப்போடு வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிடம்தான் அந்த முகத்தோடு இருந்தேன் என்றாலும் என் கண்ணுக்கு எதுவும் மறக்காது. கோணல் கண் இரண்டையும் அளவெடுத்த மாதிரி வைத்தேன்.

பொட்டு வைக்கும்போதுதான் என் கை நின்றது. பொட்டை முதலில் வைத்தாக வேண்டும், தோலுக்கு முன்னால். அப்படித்தானே முன்பக்கம் தெரியும். அந்தப் பெண்ணும் முதலில் பொட்டை வைத்துவிட்டுத்தான், அதற்கு மேல் நெற்றியைப் பூசியிருக்கிறாள். கண்ணையும் அப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானே உட்கார்ந்து யோசித்து, எனக்கு ஒரு வருஷம் பிடித்ததைக் கண்டுபிடித்திருக்கிறாள். நான் பார்த்ததோ நகப்பாலிஷை மட்டும். சைக்கிள்காரரைக் கூப்பிட்டுச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு அப்போது என் காதில் கேட்டது. அவமானத்தில் எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

கழுவிவிட்டு வந்து, வேலையை நிறுத்தினேனா என்றால் இல்லை. படகுப் பெயின்ட்டை விரலால் ஒற்றினேன். நெற்றி, மூக்கு, கன்னம். கடைசியில், எல்லாம் அச்சாக இருக்க வேண்டும் என்று, கன்னத்தில் அதே இடத்தில் என் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். ரேகை வட்டம் வட்டமாக விழுந்தது. இரண்டு நாள் காயவிட்டேன். தம்பிக்காரர் வந்து பார்த்து, "அதேதான்யா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுபோனபோது மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. நானும் தம்பிக்காரரும் பிடித்து மெஷினின் தலைப்பெட்டியில் செருகினோம். அக்கா பாய்லரை விட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். சுவிட்சைப் போட்டார்.

கடல் எரிந்தது. ஆக்டோபஸ் எரிந்தது, கப்பல் எரிந்தது. நடுவில் வெளிச்சம் ஏறாத அந்த முகம், பொட்டோடு, ஒரு கண் பாய்லரைப் பார்த்துக்கொண்டு, ஒரு கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்டியே கீது நைனா" என்றார். "நான் பயந்துகினே கெடந்தேன். உன்னாண்ட சொல்லாம வந்துட்டமேன்னு பத்து நாளா தூக்கமில்ல. உனுக்கே தெரிஞ்சிருக்கு பாரு. தொடாம பண்ணிருக்க. நல்லா இருப்ப நைனா."

நான் தலையை ஆட்டினேன். மாதாவே, தலையை ஆட்டினேன்.

அப்புறம் அவர் மெஷினுக்குப் பின்னால் போனார். பெட்டியின் முதுகில் மரக்கதவு. அதைத் திறந்து, உள்ளே பல்புகள் செருகிய பலகையைக் கதவு மாதிரி ஒதுக்கினார். கண்ணாடியின் முதுகு தெரிந்தது. பல்பு ஏதாவது கெட்டுவிட்டதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பல்பைப் பார்க்கவில்லை. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தபடியே கையை மட்டும் உள்ளே விட்டார், தினமும் விட்டுப் பழகிய கை. சுண்டு விரலை நீட்டி அந்தக் கன்னத்தில் வைத்தார்.

"அவ கட்ட வெரலு, என் சுண்டு வெரலு அளவுதான்" என்று என்னிடம் சொன்னார், சிரித்துக்கொண்டே. "தெனம் காலைல வச்சிப் பாப்பேன். ஒட்டிகினு உக்காரும்."

தம்பிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் இது தெரியாது என்று அந்த நொடியில் தெரிந்துகொண்டேன்.

அக்காவின் சிரிப்பு மெதுவாகப் போயிற்று. உள்ளே விரல் நகர்ந்தது. இந்தப் பக்கம் நகர்ந்தது, அந்தப் பக்கம் நகர்ந்தது. உட்காரவில்லை. என் கட்டை விரல் தடியான விரல், அதன் குழிக்குள் அவருடைய சுண்டு விரல் இடம் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்தார்.

"இது யார் வெரலு?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தார். டீ ஆற்றி ஆற்றி உரமேறின கை, உடும்புப் பிடி. என் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் படகுப் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவர் என்னை அறைந்துவிட்டால் தேவலை என்று இருந்தது. செருப்பால் அடிக்கட்டும், கொதிக்கிற டீயை மூஞ்சியில் ஊற்றட்டும்.

அவர் கையை விட்டுவிட்டார்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன் நைனா. நீ வுடல."

"அக்கா, தெரியாம..."

"என் பொண்ணு வச்ச பொட்டு எங்க?"

குப்பை லாரியில் போயிற்று என்று சொன்னேன். பொய் சொல்ல எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. பிளேடு, தின்னர், பனியன் துணி, எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன். அவர் மரம் மாதிரி நின்று கேட்டார். கடைக்கு வந்த ஒரு லோடுமேன் டீ கேட்டார், அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் நின்றார்.

"இத்த எடுத்துடு" என்றார். "வேற எதுவும் போடாத. எடுத்துட்டு வுட்டுடு."

கண்ணாடியை அங்கேயே கழற்றி, கடை பெஞ்சில் குப்புறப் போட்டு, அவர் பார்க்க, பிளேடால் சுரண்டினேன். பெயின்ட் இன்னும் முழுதாக இறுகவில்லை, சுலபமாகவே வந்தது. என் விரல் வந்தது, கோணல் கண் வந்தது, பொட்டு வந்தது. கட்டை விரலில் பிளேடு பட்டு ரத்தம் வந்தது, யாரும் கவனிக்கவில்லை. திரும்பச் செருகி சுவிட்சைப் போட்டோம். மஞ்சள் கூந்தல் பரந்து கிடந்தது, நடுவில் முகம் இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி. அதற்குள் ஒரு பல்பு எரிவது நேராகத் தெரிந்தது.

சுரண்டின சுருள்களெல்லாம் பெஞ்சில், ஒரு தினசரித்தாள் மேல் கிடந்தன. அக்கா அதை ஒன்றுவிடாமல் விரலால் ஒதுக்கிச் சேர்த்து, பொட்டலமாக மடித்தார். தனக்கு வைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை என் கையில் வைத்தார்.

"இது உன்னுது நைனா. எடுத்துகினு போ."

வீட்டுக்கு வந்து அதைக் குப்பைக் கூடையில் போட்டேன். போட்டுவிட்டு உட்கார முடியவில்லை, எழுந்துபோய் எடுத்தேன். பட்டறையில் பிரஷ் வைக்கிற தகர டப்பாவின் அடியில் வைத்தேன். பட்டறையை இரண்டு முறை மாற்றிவிட்டேன், டப்பாவும் துருப்பிடித்துப் போய் வேறு டப்பா வந்துவிட்டது. பொட்டலம் இன்னும் அடியில்தான் இருக்கிறது.